ஒரு சொட்டு மருந்தால் நோவை நிறுத்திய கார்ல் கொல்லர்

கண்புரை ஒப்பரேஷன் இன்றைக்கு எங்கட ஆட்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். மத்தியானம் கண்ணில் ஒரு பிளாஸ்டிக் மூடியோடு வீட்டுக்கு வருகிறார்கள். பின்னேரம் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு மற்றக் கண்ணால் நாடகம் பார்க்கிறார்கள். நோகவில்லையா என்று கேட்டால், கண்ணுக்குள் தண்ணி ஓடின மாதிரி இருந்தது, அவ்வளவுதான் என்கிறார்கள்.

விழியின் மேல் கத்தி வைக்கிறார்கள், ஆனால் நோவில்லை. யோசித்துப் பார்த்தால் இது சின்ன அதிசயம் இல்லை. இந்த அதிசயத்துக்கு ஒரு வருடம் உண்டு, ஒரு ஊர் உண்டு, ஒரு ஆளும் உண்டு. வருடம் 1884. ஊர் வியன்னா. ஆள் கார்ல் கொல்லர். பெயரைக் கேட்டால் எங்கட ஊர்க் கொல்லுப்பட்டறை ஞாபகம் வரும். ஆனால் மனிதர் இரும்படித்தவர் அல்ல, 26 வயதுக் கண் வைத்தியர். சரியாகச் சொன்னால், கண் வைத்தியராக வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்த இளம் டொக்டர்.

கண் மருத்துவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்கு அவருடைய சிநேகிதரைத்தான் தெரியும். அந்தச் சிநேகிதர் சிக்மண்ட் பிராய்ட். கொல்லர் செய்ததைப் பிராய்டின் கணக்கில் எழுதுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். அதனாலும், கடைசியில் சொல்லப்போகிற இன்னொரு காரணத்தாலும், இந்த மனிதரின் கதையைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கொல்லருக்கு முன்னால்

கண்புரை வைத்தியம் மிகப் பழையது. சுசுருதர் பெயரில் இருக்கும் பழைய நூலிலேயே அதற்கான முறை எழுதப்பட்டிருக்கிறது. கண்ணின் ஓரத்தால் ஒரு ஊசியை விட்டு, வெளுத்துப்போன வில்லையைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். வில்லை வழிவிட்டதும் வெளிச்சம் உள்ளே போகும், ஆள் நிழலாவது தெரியும். ஆனால் தள்ளின வில்லை உள்ளேயே கிடப்பதால் பல கண்கள் பிறகு வீங்கிச் சீழ்ப்பிடித்துக் கெட்டுப்போயின. இசை மேதை பாக் 1750ஆம் ஆண்டு லைப்சிக் நகரில் ஜோன் டெய்லர் என்ற ஊர்சுற்றி வைத்தியரிடம் இரண்டு தடவை கண் ஒப்பரேஷன் செய்துகொண்டார். பார்வை திரும்பவில்லை. சில மாதங்களில் ஆளும் போய்விட்டார்.

அதற்குச் சற்று முன்னர், 1747இல், பிரான்சின் ஜாக் தவியேல் வேறு வழி பார்த்தார். வில்லையைத் தள்ளாமல், கருவிழியின் ஓரத்தை வெட்டித் திறந்து வெளியே எடுத்தார். இன்றைக்குச் செய்யும் கண்புரை ஒப்பரேஷனுக்கு அதுதான் தாய்வேர். முறை நல்லதுதான். ஆனால் கருவிழியின் ஓரத்தில் பாதிக்கு மேல் வெட்டவேண்டும். அதுவும் விழித்திருக்கும் மனிதனின் கண்ணில்.

உடம்பில் தூசிகூடப் பொறுக்காத இடம் கருவிழி. அதில் கத்தி பட்டால் எப்படி இருக்கும்? ஆட்கள் பிடித்துக்கொள்ள, நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க, வைத்தியர் ஓடுகிற கண்ணைத் துரத்தித் துரத்தி வெட்டுவார். கை நடுங்கினால் கண் போய்விடும். நோயாளி திமிறினாலும் அதே கதைதான்.

1846இல் பொஸ்டன் நகரில் ஈதர் வந்தது, அடுத்த வருடம் குளோரோபோம் வந்தது. கால் வெட்டுகிறவர்களுக்கும் கட்டி எடுக்கிறவர்களுக்கும் அது பெரிய வரம். கண் வைத்தியருக்கு மட்டும் அந்த வரம் சரிவரவில்லை. காரணம் இதுதான். அந்த மயக்கத்திலிருந்து எழும்புகிறவர்கள் இருமுவார்கள், குமட்டுவார்கள், வாந்தி எடுப்பார்கள். அந்தக் காலத்தில் கண் வெட்டுக்குப் பெரும்பாலும் தையல் போடுவதில்லை. திறந்த காயம் தானாக ஒட்டவேண்டும். பலமாக ஒரு வாந்தி எடுத்தால் போதும், கண்ணுக்குள் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். இன்னொரு சிக்கலும் இருந்தது. கண் ஒப்பரேஷனில் மேலே பார், கீழே பார் என்று வைத்தியர் சொல்லச் சொல்ல நோயாளி பார்க்கவேண்டும். மயங்கிக் கிடக்கிறவர் எப்படிப் பார்ப்பார்?

ஆகவே மற்ற நோயாளிகள் நோவில்லாமல் தூங்க, கண் நோயாளி மட்டும் இன்னும் 38 வருடங்கள் விழித்திருந்து நோவைத் தாங்கினார்.

தேடிக்கொண்டிருந்தவர்

கொல்லர் 1857 டிசம்பர் 3ஆம் திகதி பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டில் உள்ள ஒரு சின்ன ஊரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். குடும்பம் வியன்னாவுக்கு இடம்மாறியது. ஒரு வருடம் சட்டம் படித்துப் பார்த்து, அது மனதுக்கு ஒட்டாமல் மருத்துவத்துக்கு மாறினார். 1882இல் பட்டம் பெற்றார். படிக்கும்போதே ஸ்ட்ரிக்கர் என்ற பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் வேலை செய்து பழகியவர். வியன்னாப் பெரியாஸ்பத்திரியில் சேர்ந்தபோது அவருக்கு ஒரே ஆசைதான் இருந்தது. கண் பிரிவில் உதவி மருத்துவர் இடம் ஒன்று கிடைக்கவேண்டும்.

அங்கே கண் மருத்துவத்தின் பெரியவர் ஆர்ல்ட். ஈதரும் குளோரோபோமும் கண்ணுக்குச் சரிவராது, கண்ணை மட்டும் விறைக்கவைக்க ஏதாவது வேண்டும் என்று அவர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பலர் கேட்டுவிட்டுப் போனார்கள். கொல்லர் அதை மனதில் போட்டு வைத்தார். மோர்பினைக் கரைத்து மிருகங்களின் கண்ணில் விட்டுப் பார்த்தார். குளோரல் ஹைட்ரேட், புரோமைட் எல்லாம் விட்டுப் பார்த்தார். ஒன்றும் வேலை செய்யவில்லை. அந்த முயற்சியை அப்படியே மூடி வைத்தார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். கொல்லருக்குக் குருட்டு அதிர்ஷ்டம் அடித்தது என்று சிலர் எழுதுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கேள்வியைக் கையில் வைத்திருந்தவருக்குத்தான் பதில் கண்ணில் பட்டது.

நாக்கு விறைத்த கதை

தென் அமெரிக்காவின் கொக்கா இலையிலிருந்து கொக்கெயினைப் பிரித்தெடுத்தவர் அல்பேர்ட் நீமன் என்ற ஜேர்மானியர். 1860இலேயே எடுத்துவிட்டார். நாக்கில் வைத்தால் விறைக்கிறது என்றும் எழுதி வைத்தார். 1880இல் அன்ரெப் என்ற ரஷ்யர் தோலுக்குக் கீழே ஏற்றிப் பார்த்து, அந்த இடம் மரத்துப்போகிறது என்று எழுதினார். அதாவது விஷயம் 24 வருடமாகப் புத்தகத்தில் கிடந்தது. அதைக் கண்ணோடு சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

1884இல் பிராய்டுக்குக் கொக்கெயின் மேல் பெரிய ஆர்வம். களைப்புக்கு நல்லது, மோர்பின் பழக்கத்தை விடுவிக்கும் என்று நம்பினார். மோர்பினுக்கு அடிமையாகியிருந்த தன் நண்பர் பிளைஷ்லுக்கு அதைக் கொடுத்தும் பார்த்தார். அந்த மனிதர் பாவம், கடைசியில் இரண்டுக்கும் அடிமையாகி 1891இல் இறந்தார். அந்த ஜூலை மாதம் பிராய்ட் கொக்காவைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். விறைக்கவைக்கும் குணத்தால் இன்னும் பல பயன் வரலாம் என்று கடைசியில் ஒரு வரி தொட்டுவிட்டுப் போனார். கொக்கெயின் சாப்பிட்டால் தசைப் பலம் கூடுகிறதா என்று அளந்து பார்க்கக் கொல்லரையும் கூட்டுச் சேர்த்தார். பிறகு, காதலி மார்த்தாவைப் பார்க்க ஹம்பேர்க் பக்கம் புறப்பட்டுப் போய்விட்டார்.

பிராய்ட் இல்லாத அந்த நாட்களில் ஒருநாள், கூட வேலை செய்த ஒருவர் கொக்கெயினை நாக்கில் வைத்துவிட்டு, நாக்கு விறைக்குது என்றார். கொல்லருக்கு உடனே பொறி தட்டியது. தான் எத்தனையோ நாளாகத் தேடிய பொருளைத்தான் இவ்வளவு நாளும் சும்மா கையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்று விளங்கியது.

நேராக ஸ்ட்ரிக்கரின் ஆய்வுகூடத்துக்குப் போனார். அங்கே கேர்ட்னர் என்ற உதவியாளர் இருந்தார். தூளைத் தண்ணியில் கரைத்தார்கள். முதலில் ஒரு தவளையின் கண்ணில் சொட்டு விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஊசியால் தொட்டபோது தவளை அசையவில்லை. மற்றக் கண்ணைத் தொட்டால் துள்ளியது. பிறகு முயல், நாய். அதன் பிறகு இரண்டு பேரும் தங்கள் கண்ணிலேயே விட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று, குண்டூசித் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. கண் வைத்தியத்தின் ஒரு யுகம் அந்த அறையில் முடிந்தது.

இது ஏன் கண்ணுக்கு இவ்வளவு பொருந்தியது? நரம்பு வழியே போகும் நோச் செய்தியை மருந்து தற்காலிகமாக மறித்துவிடுகிறது. கண்ணில் நோவை உணரும் நரம்புகள் கருவிழியில் அடர்த்தியாக இருக்கின்றன. புரை விழும் வில்லைக்கோ நரம்பே இல்லை. ஆகவே வெளித் தோலை விறைக்கச் செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நோயாளி விழித்திருக்கிறார், வாந்தியில்லை, சொன்ன பக்கம் பார்க்கிறார். ஆர்ல்ட் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது.

ரயில் காசு இல்லாத கண்டுபிடிப்பாளர்

செப்டெம்பர் 15ஆம் திகதி ஹைடல்பேர்க் நகரில் கண் மருத்துவர் மாநாடு. கொல்லரிடம் அங்கே போய்வரக் காசு இல்லை. திரியெஸ்த் நகரத்து வைத்தியர் பிரெட்டவர் அவருக்காக அறிக்கையை வாசித்தார், மருந்தையும் நேரில் விட்டுக் காட்டினார். மண்டபமே அசந்துபோனது. அங்கே இருந்த நியூயோர்க் வைத்தியர் ஹென்றி நோய்ஸ் உடனே அமெரிக்காவுக்கு எழுதி அனுப்பினார். ஒக்டோபர் முடிவதற்குள் அத்திலாந்திக்குக்கு இரண்டு பக்கமும் கண் வைத்தியர்கள் கொக்கெயின் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார்கள். டெலிபோன்கூடச் சரியாகப் பரவாத காலத்தில் இந்த வேகம்!

ஒக்டோபர் 17ஆம் திகதி வியன்னா மருத்துவர் சங்கத்தில் கொல்லர் தானே பேசினார். பிராய்டின் நெருங்கிய நண்பர் கோனிக்ஸ்டைனும் அதே மருந்தைக் கண்ணில் பரிசோதித்திருந்தார். யார் முதல் என்ற இழுபறி வந்தது. நண்பர்கள் நடுவில் நின்று பேச, முதல் உரிமை கொல்லருக்கே என்று கோனிக்ஸ்டைன் ஒத்துக்கொண்டார். அடுத்த வருடம் பிராய்டின் தகப்பனாருக்குக் கண் அழுத்த நோய்க்கு ஒப்பரேஷன் நடந்தபோது, கோனிக்ஸ்டைன் கத்தி பிடித்தார், கொல்லர் சொட்டு விட்டார், பிராய்ட் பக்கத்தில் நின்றார். உரிமைப் போட்டியில் இருந்த மூன்று பேரும் ஒரு கிழவரின் கண்ணுக்காக ஒரே கட்டிலைச் சுற்றி நின்ற காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிராய்ட் தனக்குக் கிடைத்திருக்கவேண்டிய புகழ் காதலியைப் பார்க்கப் போனதால் தவறிப்போனது என்று வயதான காலத்தில் எழுதினார். அது பாதி உண்மைதான். அவர் வியன்னாவிலேயே இருந்திருந்தாலும் தசைப் பலத்தைத்தான் அளந்திருப்பார். கண்ணை நினைத்துக்கொண்டிருந்தவர் கொல்லர்.

வாள் சண்டையும் வெளியேற்றமும்

உலகமே பெயர் சொன்ன அந்த ஆளுக்கு வியன்னாவில் என்ன கிடைத்தது? 1885 ஜனவரி 4ஆம் திகதி இரவு, விரலில் காயப்பட்ட ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இரத்தம் நிற்க ரப்பரால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். விரல் செத்துப்போகும், கட்டை உடனே தளர்த்தவேண்டும் என்றார் கொல்லர். வேறு பிரிவைச் சேர்ந்த ஸின்னர் என்ற இளம் சத்திர வைத்தியர் அதை ஏற்கவில்லை. வாக்குவாதம் முற்றி, எல்லோருக்கும் முன்னால் கொல்லரை யூதர் என்று சொல்லிப் பன்றியோடு சேர்த்துத் திட்டினார். கொல்லர் கன்னத்தில் அறைந்தார்.

இருவரும் பட்டாளத்தின் சேமப் படை அதிகாரிகள். அந்தக் காலத்து வழக்கப்படி வாள் சண்டைக்கு அழைப்பு வந்தது. கொல்லர் வாள் பிடித்துப் பழக்கமில்லாதவர் என்று நண்பர்கள் பயந்தார்கள். நடந்தது வேறு. கொல்லருக்குக் கீறல்கூட விழவில்லை. ஸின்னருக்குத் தலையிலும் கையிலும் வெட்டு.

சண்டையில் வென்றார், வாழ்க்கையில் தோற்றார் என்றுதான் சொல்லவேண்டும். வாள் சண்டை சட்டப்படி குற்றம், வழக்கு வந்தது. அதைவிடப் பெரியது, அவர் ஏங்கிக்கொண்டிருந்த கண் பிரிவு இடம் கடைசிவரை கிடைக்கவில்லை. கண் ஒப்பரேஷனையே மாற்றியவருக்கு அந்த ஊரின் கண் ஆஸ்பத்திரியில் ஒரு கதிரை இல்லை. அதே வருடம் வியன்னாவை விட்டுப் புறப்பட்டார்.

ஒல்லாந்தின் உட்ரெக்ட் நகரில் டொண்டர்ஸ், ஸ்னெல்லன் என்ற இரண்டு பெரியவர்கள் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். கண்ணாடிக் கடையில் சுவரில் தொங்குமே, மேலே பெரிய எழுத்தும் கீழே போகப்போகச் சின்ன எழுத்துமாக ஒரு அட்டை, அதைச் செய்த ஸ்னெல்லன்தான் இவர். அங்கே இரண்டு வருடம் இருந்தார். 1888இல், 30 வயதில், நியூயோர்க்கில் போய் இறங்கினார். மவுண்ட் சைனாய் ஆஸ்பத்திரியில் கண் வைத்தியரானார், தனியாகவும் நோயாளிகளைப் பார்த்தார், கலியாணம் செய்தார், பிள்ளைகளை வளர்த்தார். 1922இல் அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கம் தன் முதல் ஹோவ் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. நோபல் பரிசுக்குப் பல தடவை பெயர் போனது, பரிசு வரவில்லை. 1944 மார்ச் 21ஆம் திகதி நியூயோர்க்கில் கண்ணை மூடினார்.

அந்தச் சொட்டுக்குப் பிறகு

கொக்கெயின் கடைசி மருந்து அல்ல. அது கருவிழியைக் கெடுத்தது, அளவு கூடினால் உயிரையும் எடுத்தது. அதை நரம்பில் ஏற்றி ஆராய்ந்த அமெரிக்க சத்திர வைத்தியர் ஹால்ஸ்டெட் தானே அதற்கு அடிமையானார். பிறகு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோவோகெயின் வந்தது. கொல்லர் இறப்பதற்கு முந்திய வருடம், 1943இல், சுவீடனில் லிக்னோகெயின் உருவானது. பல்லுப் பிடுங்கப் போகும்போது போடுகிறார்களே, அதே மருந்து.

முறைகளும் மாறின. கண்ணைச் சுத்தமாக அசையாமல் நிறுத்த, கண்ணுக்குப் பின்னால் ஊசி போட்டார்கள். பல பத்து வருடங்களாக அதுதான் வழக்கம். நல்லாக விறைக்கும். ஆனால் ஊசிமுனை கண்ணையே துளைத்துவிடும் ஆபத்தும், பின்னால் இரத்தம் கட்டும் ஆபத்தும் கொஞ்சம் உண்டு. ஆகவே ஊசியைப் பக்கவாட்டில் தள்ளிப் போடும் முறை வந்தது. பிறகு முனை மழுங்கின மெல்லிய குழாயால் கண்ணின் வெளியுறைக்குக் கீழே மருந்தை விடும் முறை வந்தது.

கத்தியும் சின்னதாகிக்கொண்டே வந்தது. 1949இல் லண்டனில் ஹெரல்ட் ரிட்லி கண்ணுக்குள் செயற்கை வில்லை வைத்தார். 1967இல், கொல்லர் வாழ்ந்த அதே நியூயோர்க்கில், சார்ல்ஸ் கெல்மன் ஒலியதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும் கருவியைக் கொண்டுவந்தார். பல் வைத்தியரின் கருவியைப் பார்த்து வந்த யோசனை அது. அரை வட்டமாக வெட்டிய இடத்தில் இன்று இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெட்டு போதும். மதுரையில் 1976இல் 11 கட்டிலோடு டொக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, விலைகூடிய அந்தக் கருவி இல்லாமலே சின்ன வெட்டில் புரையை எடுக்கும் முறையை ஏழைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வெட்டு சின்னதானதும் ஒரு விசித்திரம் நடந்தது. பெரிய விறைப்பு தேவையில்லாமல் போனது. 1990களில் வைத்தியர்கள் ஊசியை வைத்துவிட்டுத் திரும்பவும் சொட்டு மருந்துக்கே வந்தார்கள். நூறு வருடம் சுற்றி, கொல்லர் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். மருந்து வேறு, யோசனை அவருடையது.

எங்களுக்கு இதில் என்ன?

முன்னர் சொல்கிறேன் என்ற இன்னொரு காரணம் இதுதான். நான் இங்கே ஜேர்மனியில் எங்கட வயதானவர்களோடு மொழிபெயர்ப்புக்காக ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வருகிறேன். கண்புரை முற்றி, படிக்கட்டில் கால் தவறும் அளவுக்கு வந்தபிறகும் ஒப்பரேஷனைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர். கேட்டால் கண்ணுக்குள் ஊசி குத்துவார்கள் என்ற பயம். ஊரில் முப்பது நாற்பது வருடத்துக்கு முதல் யாருக்கோ நடந்ததைக் கேட்ட பயம் அது. இப்போது பெரும்பாலும் சொட்டுத்தான் என்று சொன்னால் முகம் தெளிகிறது.

ஆனால் சொட்டு முறைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கண் விறைக்குமே தவிர அசைவு நிற்காது. நோயாளி வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு ஆடாமல் இருக்கவேண்டும், வைத்தியர் சொல்லும் பக்கம் பார்க்கவேண்டும். வைத்தியர் ஜேர்மன் மொழியிலோ பிரெஞ்சிலோ சொல்வார். துணிக்குக் கீழே முகம் மூடிப் படுத்திருக்கும் அம்மாவுக்கு அது விளங்காவிட்டால்? கொல்லர் நோயாளியை விழித்திருக்க வைத்ததன் பயனே வைத்தியரும் நோயாளியும் பேசிக்கொள்ளலாம் என்பதுதான். பாஷை இல்லாவிட்டால் அந்தப் பயனில் பாதி போய்விடும்.

அதனால் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒப்பரேஷனுக்கு முந்திய சந்திப்புக்கு நீங்களும் கூடப் போங்கோ. எந்த விறைப்பு முறை என்று கேளுங்கோ. அம்மாவுக்குப் பாஷை விளங்காது, காது மந்தம், படுத்தால் இருமல் வரும், கை தலை நடுங்கும் என்றால் வெட்கப்படாமல் முதலே சொல்லுங்கோ. அதைப் பார்த்துத்தான் வைத்தியர் சொட்டா, ஊசியா, மயக்கமா என்று முடிவெடுப்பார். குடிக்கும் குளிசைகளின் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கோ. மேலே, கீழே, இடது, வலது, அசையாதே என்ற ஐந்து சொல்லை அந்த நாட்டு மொழியில் ஒரு கிழமைக்கு முதலே வீட்டில் பழக்கிவிடுங்கோ. விளையாட்டுப் போல இருக்கும், ஆனால் மேசையில் படுத்திருக்கும்போது அந்த ஐந்து சொல்லும் பெரிய தைரியம்.

கொல்லருக்கு வியன்னாவில் ஒரு கதிரை கிடைக்கவில்லை. ஆனால் இன்றைக்கு வியன்னாவிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் கண்ணில் சொட்டு விழும் ஒவ்வொரு காலையிலும் அவருடைய வேலைதான் நடக்கிறது. அந்தச் சொட்டுக்குப் பயந்து எங்கட பெரியவர்கள் இருட்டில் இருக்கத் தேவையில்லை.